பெயரை மட்டும் மாற்றவும்

எங்கள் கல்லூரியில் ஏசி போட்ட அறைகள் இரண்டுதான். ஒன்று முதல்வருடையது, இன்னொன்று என்னுடையது. இதைக் கேட்டுவிட்டு என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட வேண்டாம். அந்த ஏசி எனக்காகப் போட்டதில்லை, சர்வருக்காகப் போட்டது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் முதல்வர் நெல்லைநாயகம் சார் போன் பண்ணி, "சர்வர் நல்லா இருக்கா பெனிட்டா?" என்று கேட்பார். நல்லா இருக்கு சார் என்பேன். என்னைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

என் வேலைக்கு சிஸ்டம் அட்மின் என்று பெயர். சங்கரன்கோவிலில் இந்தப் பெயரைச் சொல்லி யாருக்கும் எதையும் புரியவைக்க முடியாது. என் தம்பி ஜோஷ்வா கழுகுமலை ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்களிடம், "அக்கா காலேஜ்ல வேலை பாக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறான். அவர்கள் என்னைத் தேரடிப் பக்கம் பார்த்தால், "என்ன பாடம் எடுக்கிய டீச்சர்?" என்று கேட்பார்கள். பாடம் எடுக்கவில்லை என்றால், "அப்போ ஆபீஸா?" என்பார்கள். ஆபீஸும் இல்லை.

இந்த இரண்டும் இல்லாததில் உள்ள சங்கடம் மதியம்தான் தெரியும். ஆசிரியர்கள் அவரவர் துறையில் சாப்பிடுவார்கள். அங்கே எனக்கு நாற்காலி கிடையாது. ஆபீஸ்காரர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். முதல்வரிடம் எதையாவது போட்டுக்கொடுத்துவிடுவேன் என்ற பயம் போல. நானும் ரோஷக்காரி. ஒரு தடவை பேச்சு நின்றது, மறு தடவை நான் போகவில்லை. சேர்ந்த வருஷத்திலிருந்து சர்வர் அறையில்தான் என் சாப்பாடு. அது இரைந்துகொண்டே இருக்கும், நான் மென்றுகொண்டே இருப்பேன்.

வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்ததும் கேட்கிற பெண்களுக்கும் வேண்டாத விஷயம்தான், ஆனால் அவர்கள் விடமாட்டார்கள். அம்மா இருந்தவரை வீட்டில் பேச ஒரு வாய் இருந்தது. இப்போது கீழே ஜோஷ்வா குடும்பம், மாடியில் நான். பண்டிகைக்குக் குழம்பு மேலே வரும்.

போன வருஷம் ஆடித்தபசு முடிந்து ஊரில் கூட்டம் வடிந்த வாரத்தில் நெல்லைநாயகம் சார் என்னைக் கூப்பிட்டார். எள் என்று அவர் சொல்வதற்கு முன்னால் நாம் எண்ணெயாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மனிதர். ஆனால் கெட்டவர் இல்லை.

"கமிட்டி வருதும்மா. இன்ஸ்பெக்‌ஷன். இந்தத் தடவை ஒவ்வொரு புரொபசருக்கும் தனித்தனியா வெப் பேஜ் இருக்கான்னு பாப்பாங்களாம். நம்ம சர்வர்லயே போட்டிரலாமா? வெளிய குடுத்தா அவன் ஆறு மாசம் இழுப்பான்."

"போட்டிரலாம் சார்."

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கணும். ஆளுக்கு ஒரு கலர் அடிச்சு வச்சிரப் போறாங்க."

சரி என்று வந்துவிட்டேன். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. லினக்ஸ் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதற்குள்ளே ஒரு தனி வீடு உண்டு. ஹோம் என்றுதான் அதற்குப் பெயரே. அந்த வீட்டுக்குள் எல்லாரும் பார்ப்பதற்கென்று ஒரு ஃபோல்டர் போட வேண்டும். அதில் எதை வைத்தாலும் அது வலைப்பக்கமாகிவிடும். கல்லூரியின் முகவரிக்குப் பின்னால் ஒரு நெளிகோடு இழுத்து ஆளின் பெயரை அடித்தால், டில்லியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தப் பக்கம் திறக்கும். சர்வருக்கு இதைச் சொல்லிவைக்க நாலைந்து வரி எழுதினால் போதும்.

முதலில் என் பெயரில்தான் போட்டுப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. ஃபோல்டரைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், பிறகென்ன அனுமதி இல்லை? அரை நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஃபோல்டர் திறந்திருக்கிறது, அது இருக்கிற வீடு பூட்டியிருக்கிறது, அதுதான் விஷயம். கூடத்தைத் தாண்டித்தானே கொல்லைக்குப் போக முடியும்? கூடத்தின் வழியாக நடந்து போகலாம், ஆனால் அங்கே என்னென்ன இருக்கிறது என்று நின்று பார்க்கக் கூடாது என்று ஓர் அனுமதி உண்டு. அதைக் கொடுத்ததும் பக்கம் திறந்தது.

திறந்த பக்கத்தில் தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரியில் பாதிப் பேரின் கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாக வரும். பார்ப்பதற்கு ஒரு பத்தியாவது தமிழ் வேண்டும். 'என்னைப் பற்றி' என்று தலைப்புப் போட்டிருந்தேன். அதன் கீழே எதையாவது அடிக்க உட்கார்ந்தேன். மதிய நேரம். டிபன் டப்பா மேஜைமேல் மூடியபடி இருந்தது. கை தன்பாட்டில் இப்படி அடித்தது:

"மதியம் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன், பழகவில்லை. யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று டப்பாவைக் கொஞ்ச நேரம் திறக்காமல் வைத்திருப்பேன். விடுமுறை நாள் எனக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை பிடிக்கும்."

எழுத்து அழகாகத் தெரிந்தது. ஒரு கட்டம்கூட இல்லை. நான் திருப்பி ஒரு தடவை வாசித்தேன். யாரோ எழுதியது போல இருந்தது. சாப்பிட்டுவிட்டு அழித்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். புதிதாகக் கணக்குத் திறக்கும்போது, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தானாகப் போய் உட்காரும் சாமான்களை வைக்க சர்வரில் ஓர் இடம் இருக்கிறது. பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்து வைப்பது மாதிரி. அங்கே ஒரு மாதிரிப் பக்கத்தை வைத்துவிட்டால், எத்தனை பேருக்குக் கணக்குத் திறந்தாலும் அத்தனை பேருக்கும் அதே பக்கம் போய்விடும். என் பக்கத்தைத்தான் மாதிரியாக எடுத்தேன். என் பெயர் இருந்த இடத்தில் 'பெயர்' என்றும், படிப்பு இருந்த இடத்தில் 'படிப்பு' என்றும் சிவப்பு எழுத்தில் மாற்றினேன். பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு வருவதற்குள் கலையரங்கில் மைக் ஊளையிடுகிறது என்று போன் வந்தது. ஓடினேன். திரும்பி வந்தபோது மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிவிட்டதாகவே என் நினைப்பு. எல்லா ஆசிரியர் பெயரையும் கொடுத்துக் கட்டளையைத் தட்டினேன். ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, மேல்பாதியைப் பார்த்து, சரியாக வந்திருக்கிறது என்று மூடினேன்.

ஒரு குறிப்பும் எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். "சிவப்பு எழுத்தில் உள்ள பெயர், படிப்பு, துறை, புகைப்படம் இவற்றை மட்டும் மாற்றவும். மற்றதில் கை வைக்க வேண்டாம்." முந்தைய வருஷம் ஒரு பக்கத்தைத் திருத்தச் சொன்னபோது ஆளாளுக்குப் புகுந்து அடைப்புக்குறிகளைப் பிடுங்கிப் போட்டு, அதைச் சரிசெய்ய எனக்கு உயிர் போயிருந்தது. அதனால் 'வேண்டாம்' என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டேன்.

அடுத்த வாரம் வணிகவியல் துறைத் தலைவர் கோமதிநாதன் சார் போன் பண்ணினார். அவர் அப்பா தாலுகா ஆபீசில் இருந்தவர், தாத்தா கோவில் கணக்குப் பார்த்தவர். எந்தக் காகிதமாக இருந்தாலும் அதற்கு ஒரு முறை உண்டு என்று நம்புகிற குடும்பம்.

"மேடம், என் போட்டோ படுத்துக் கெடக்கு. கொஞ்சம் நிமித்தி விடுங்களேன்."

அவர் பக்கத்தைத் திறந்தேன். படம் உண்மையிலேயே படுத்துத்தான் கிடந்தது. நிமிர்த்தினேன். அதற்குக் கீழே அவர் பெயர், பட்டங்கள், துறை. அதற்கும் கீழே, 'என்னைப் பற்றி' என்ற தலைப்பில், மதியம் தனியாகத்தான் சாப்பிடுவதாகவும் பழகவில்லை என்றும் கோமதிநாதன் சார் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அடுத்ததை. வேதியியலில் ரசீதா மேடம், கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், அவரும் டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தார். உடற்கல்வி சாரும் யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்தார். நெல்லைநாயகம் சார் கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டு, தனக்கு விடுமுறை நாள் பிடிக்காது என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் ஒன்றுதான், அதை ஐம்பது அறுபது பேருக்குக் கடன் கொடுத்துவிட்டிருந்தேன்.

அழித்திருக்கலாம். எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைய எனக்கு உரிமை உண்டு, ஒரே ஒரு கட்டளைதான். விரல் விசைமேல் இருந்தது. ஆனால் ஒரு யோசனை வந்து கையைப் பிடித்துக்கொண்டது. இத்தனை பேரும் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். பெயரை மாற்றியிருக்கிறார்கள். படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பத்தி எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஒருவராவது வாசித்தாரா?

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இரண்டு பயம் இருந்தது. அது நான் எழுதியது என்று தெரிந்துவிடுமோ என்பது ஒன்று. யாருக்கும் தெரியாமலே போய்விடுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்கு அழித்தால் போதும். இரண்டாவது பயம்தான் என்னை அழிக்கவிடவில்லை.

மீதியிருந்த பக்கங்களையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. கணிதத் துறையில் முத்துமீனாள் மேடம். தலைப்புக்குக் கீழே, அவர் சொந்த ஊர் மேலநீலிதநல்லூர், இத்தனை வருஷமாக இங்கே பாடம் எடுக்கிறார் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். என் பத்தியைக் காணவில்லை.

முதலில் கோமதிநாதன் சாரிடம் போனேன். போட்டோவைச் சாக்காக வைத்துக்கொண்டு, "பேஜ்ல மத்ததெல்லாம் சரியா இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்."

"கீழ ஒரு பத்தி இருக்குல்லா சார்... என்னைப் பற்றின்னு."

"ஆமா, இருக்கு. அதுக்கென்ன?"

"அது உங்களுக்குப் பொருந்துதா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பொருந்துதா பொருந்தலையான்னு நான் எதுக்கு மேடம் பாக்கணும்? மத்ததுல கை வைக்க வேண்டாம்னு நீங்கதான போட்டிருக்கிய. மாதிரின்னு ஒண்ணு குடுத்தா அதுல உள்ளபடி இருக்கணும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தா, மாதிரியில இருந்துச்சு, விட்டுட்டோம்னு சொல்லிரலாம். நாமளா மாத்துனா நாமதான் பதில் சொல்லணும்."

மறுப்பதற்கு என்ன இருக்கிறது? நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் இந்தக் கல்லூரி என் பேச்சை முழுசாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வாசிச்சுப் பாத்தியளா சார் அதை?"

"மேலோட்டமா பாத்தேன். நல்ல தமிழ்தான்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விடைத்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

முத்துமீனாள் மேடத்தைத் தேடிப் போக எனக்குக் கால் கூசியது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வராந்தாவில் எதிரே வந்தால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம். வகுப்பு முடிந்து கையில் சாக்பீஸ் தூளோடு வந்தவரை மாடிப்படிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"மேடம், உங்க பேஜ்ல ஒரு பத்தி இல்ல. தெரியாம அழிஞ்சிட்டோ?"

"தெரியாம இல்ல. நாந்தான் அழிச்சேன்."

"கை வைக்க வேண்டாம்னு போட்டிருந்துச்சே."

"போட்டிருந்துச்சு. நானும் மொதல்ல விட்டுட்டேன். பொறவு வாசிச்சுப் பாத்தா, யாரோ தன்னப் பத்தி மனசாரச் சொல்லுத மாதிரி இருந்துச்சு. அடுத்தவ சேலைய உடுத்திக்கிட்டு போட்டோவுக்கு நிக்க முடியுமா சொல்லுங்க? அதான் எடுத்துட்டேன்." கையைத் தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "யாரு எழுதுனது அது?"

அந்த இடத்தில் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"நெட்ல இருந்து எடுத்தது மேடம். மாடலுக்கு."

"அப்படியா" என்றார். சேலையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டார். பிறகு, "எழுதுன ஆளு பாவம்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

பாவம் என்ற சொல் எனக்கு ஆகாது. அப்பா போனபோது கேட்டது, அம்மா போனபோது கேட்டது, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் முதுகுக்குப் பின்னால் கேட்பது. ஒருத்தி வாசித்திருக்கிறாள் என்று மனசு துள்ளியதும் உண்மை, அந்த ஒரு சொல்லில் சுருண்டு விழுந்ததும் உண்மை. நேரே அறைக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அறைக்குள் நுழையும்போதே போன் அடித்தது. நெல்லைநாயகம் சார்.

"பெனிட்டா, பேஜ் எல்லாம் ரெடியாமே. லிங்க் எல்லாத்தையும் கமிட்டிக்கு அனுப்பியாச்சும்மா. அவங்க காப்பி எடுத்து வச்சாச்சாம். இனிமே ஒரு எழுத்து மாறக் கூடாது. மாறுனா நாம என்னத்தையோ மறைக்கோம்னு ஆயிரும்."

"சார், ஒரு சின்ன திருத்தம் மட்டும்..."

"ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றார் மறுபடியும்.

கமிட்டி வந்த நாளில் கல்லூரி கல்யாண வீடு மாதிரி இருந்தது. பூ மார்க்கெட்டிலிருந்து கூடை கூடையாக மல்லிகை வந்து, பெண் ஆசிரியர்கள் எல்லார் தலையிலும் ஏறியிருந்தது. கருத்தரங்கக் கூடத்தில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரத்தில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தேன். கமிட்டியில் மூன்று பேர். நடுவில் சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர்.

"ஆசிரியர்கள் பக்கங்களைப் பார்க்கலாமா?" என்றார்.

முதல்வர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முதல்வர் பக்கத்தையே திறந்தேன். திரையில் கோட்டும் டையும் பெரிதாக வந்தன. படத்தை வேகமாகக் கடந்துவிடலாம் என்று பார்த்தால், அந்த அம்மா, "கொஞ்சம் கீழே போங்க" என்றார். போனேன். கண்ணில் பட்ட கடைசி வரிகளை அவர் வாய்விட்டு வாசித்தார்.

"விடுமுறை நாள் எனக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை பிடிக்கும்." நிமிர்ந்து, "அருமையான அர்ப்பணிப்பு சார்" என்றார். நெல்லைநாயகம் சார் அடக்கமாகச் சிரித்தார். அவரும் அதை வாசித்ததே இல்லை என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்தது?"

கோமதிநாதன் சார். அதே பத்தி. அந்த அம்மாவின் புருவம் சுருங்கியது. அடுத்தது ரசீதா மேடம். அதே பத்தி. அடுத்தது உடற்கல்வி சார். இந்தத் தடவை அவர் முதலிலிருந்து முழுவதையும் வாசித்தார். மதியம் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன், பழகவில்லை. ஒலிபெருக்கியில் அது கூடம் முழுக்கக் கேட்டது. என் சொற்கள் வேறொருத்தி குரலில் சுவரில் மோதித் திரும்பி வந்தன.

"என்ன சார் இது, உங்கள் கல்லூரியில் எல்லாருமே தனியாகத்தான் சாப்பிடுகிறீர்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பலர் திரையை வாசித்துக்கொண்டிருந்தார்கள், அப்போதுதான் முதல் தடவையாக. ரசீதா மேடம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். உடற்கல்வி சார் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துமீனாள் மேடம் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. புரொஜெக்டர் பக்கம் பார்த்தார். நான் குனிந்து, சரியாக இருந்த வயரைச் சரிசெய்தேன்.

நெல்லைநாயகம் சார் சும்மா முதல்வர் ஆகவில்லை. எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "மேடம், இது எங்களோட ஒரு முயற்சி. பிரச்சினையை மறைக்காம வெளிப்படையா ஒத்துக்கிடணும்னு எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவு. இதுக்குத் தீர்வாத்தான் திங்கட்கிழமையில இருந்து ஸ்டாஃப் எல்லாரும் இந்த ஹால்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடப் போறோம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவதுதான் உலக வழக்கம். நெல்லைநாயகம் சார் குரங்கைப் பிடித்துப் பிள்ளையாராக்கிவிட்டார். அந்த அம்மா கைதட்டினார். கூடவே மற்ற இருவரும், பிறகு கூடமே தட்டியது. அறிக்கையில் அதைத் தனியாகக் குறித்து எழுதுவதாகவும் சொன்னார்.

அவர்கள் கார் வெளியே போனதும் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகப் போனேன்.

"அந்தப் பத்தி எங்க இருந்து எடுத்தது?"

"நெட்ல சார்."

"நல்லவேளை, நல்லதா எடுத்திருக்க" என்றார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. "ஒரு சர்க்குலர் டைப் பண்ணியிருக்கேன். எல்லார் பேஜுக்கும் ஏத்திரும்மா."

என் அறைக்கு வந்து வாசித்தேன். 'வரும் திங்கள் முதல் ஆசிரியர்கள் அனைவரும் மதிய உணவைக் கருத்தரங்கக் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும். வருகை பதிவு செய்யப்படும்.' ஆசிரியர்கள் அனைவரும். இன்னொரு தடவை வாசித்தேன். அதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. நான் ஆசிரியர் இல்லை. என் பத்தி இருந்த இடத்தில் அந்த அறிவிப்பை வைத்தேன். இந்தத் தடவையும் ஒரே கட்டளைதான், எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற மெஷினைக் கூடத்து வாசலில் மாட்டிவிட்டதும் நான்தான்.

திங்கட்கிழமை மதியம் மணி அடித்ததும் வராந்தாவில் ஒரே காலடிச் சத்தம். டிபன் கேரியர்கள் மோதிக்கொள்ளும் சத்தம். எல்லாரும் என் அறைக் கதவைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். யார் யார் போகிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். காலடிகள் ஓய்ந்தன. நான் டப்பாவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை.

போன் அடித்தது. கோமதிநாதன் சார்.

"மேடம், இங்கன மெஷின் ஒருத்தர் விரலையும் எடுக்க மாட்டேங்கு. விரல் வைக்காம சாப்பிட்டா ஆப்சென்ட் ஆயிருமான்னு எல்லாரும் கேக்காங்க. கொஞ்சம் வாங்களேன்."

போனேன். கூடத்துக் கதவைத் திறந்ததும் ரசத்தின் மணமும் மீன் வறுவல் மணமும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. நீள நீள மேஜைகள், இரண்டு பக்கமும் ஆட்கள். ரசீதா மேடத்தின் டப்பாவிலிருந்து உடற்கல்வி சார் எதையோ எடுத்துத் தின்றுகொண்டு, "இது என்ன மேடம், இவ்வளவு நாளா ஒளிச்சு வச்சிருந்தியளே" என்றார். கோமதிநாதன் சார் இலையில் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பக்கத்து ஆளுக்குப் பாதி தள்ளினார். கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தவர்கள் மாதிரியே இல்லை. வேலை செய்யும் இடத்தில் இத்தனை சத்தமாக அவர்கள் சிரித்து நான் கேட்டதே கிடையாது.

மெஷினில் வயர்தான் கழன்றிருந்தது. மாட்டினேன். பச்சை விளக்கு வந்தது. நிமிர்ந்தேன்.

"பெனிட்டா."

முத்துமீனாள் மேடம். மூன்றாவது மேஜையில், சுவர் ஓரமாக. பக்கத்து நாற்காலியில் அவருடைய கைப்பை இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை லேசாகத் தள்ளிப்போட்டார்.

"சாப்பிட்டாச்சா?"

பக்கத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ரசீதா மேடம்கூட இடம் விட்டுத் தன் டப்பாவை நகர்த்திக்கொண்டார். இதற்கு மேல் ஒரு மனுஷியை எப்படிக் கூப்பிடுவது? நான் போக வேண்டியது பத்தடி தூரம். ஆனால் முத்துமீனாள் மேடத்தின் கண்ணில் மாடிப்படியில் 'பாவம்' என்றபோது பார்த்த அதே பார்வையை நான் தேடினேன். இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தேடியது மட்டும் தெரியும்.

"ஆச்சு மேடம்" என்றேன்.

"அதுக்குள்ளயா? இப்பத்தான மணி அடிச்சுது."

"இன்னைக்குச் சீக்கிரமே சாப்பிட்டேன்."

"சும்மா வந்து உக்காருங்க. ஒரு வாய் ரசமாவது குடிங்க."

"இல்ல மேடம், வயிறு திம்முனு இருக்கு. சர்வர்ல வேலை அப்படியே கெடக்கு."

அவர் இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தார். நான் அதற்குள் திரும்பிவிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவரை அந்த இன்னொரு தடவைக்கு நான் விடவில்லை.

கதவை மூடியதும் உள்ளே சிரிப்புச் சத்தம் குறைந்துவிட்டது. வராந்தாவில் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் உள்ளே இருந்தார்கள். எனக்கு நல்ல பசி.